துரத்தாத நாய்

கேமரன் மலையின் வடபகுதியில், கோலா தெர்லாவையும் கம்போங் ராஜாவையும் ஒட்டித் தெலோம் ஆறு ஓடுகிறது. அதன் தண்ணீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் திருப்பி, ரிங்லெட் ஏரிப்பக்கம் கொண்டுவந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த மின்திட்டம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், 1963ல், ஆர்வில் எலியட் என்ற மானுடவியலாளர் தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடி மக்கள் வளர்த்துவந்த நாய்களில் ஒரு ஜோடியை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். சிறிய உடல், குட்டை மயிர், நிமிர்ந்த காது. தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய வீடுகளுக்கு ஏணியில் ஏறிப் போகத் தெரிந்த நாய்கள். தெலோம் ஆற்றின் பெயரை வைத்து அவற்றைத் ‘தெலோமியன்’ என்று அழைத்தார்கள்.

அவை போய்ச் சேர்ந்த இடம்தான் நமக்கு முக்கியம். மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற ஊரில் இருக்கும் ஜாக்சன் ஆய்வுக்கூடம். அவற்றைப் பெற்றுக்கொண்டவர் ஜே. பி. ஸ்காட். நாய்க்குட்டி எந்த வயதில் யாரோடு பழகினால் எப்படி வளரும் என்பதை உலகில் மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர். ஜான் ஃபுல்லரோடு சேர்ந்து ஐந்து இன நாய்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்து, 1965ல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் இத்துறைக்கு அடிப்படை. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, ஏறத்தாழ இரண்டு மாதக் காலம், குட்டியின் மனம் புதிய உயிர்களைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கிறது. அதன் பிறகு சந்திப்பவை எல்லாம் அதற்கு அந்நியம். அதே ஆய்வுக்கூடத்தில் இன்னொரு குழு, 14 வாரம் வரை மனித வாடையே படாமல் சில குட்டிகளை வேலிக்குள் வளர்த்துப் பார்த்தது. பிறகு எவ்வளவு கொஞ்சியும் அவை மனிதரிடம் ஒட்டவில்லை.

மனிதருக்குப் பொருந்தியது மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் பொருந்தும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஆண்டாண்டுகாலமாக நடக்கும் ஒரு சண்டைக்கு மருந்து இதில் இருக்கிறது.

மலையில் மாடும் நாயும்

1929ல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டை வெட்டிச் சரிவில் செடி நட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். பிறகு பாரத் தோட்டம், சுங்கை பாலாஸ், ஃபேர்லி, புளூ வேலி என்று பச்சை பரவியது. தமிழர் போன இடமெல்லாம் மாடும் போனது. மலேசியக் கால்நடைத் துறையின் ஆவணங்களில் ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’ என்றே ஒரு மாட்டினம் உண்டு. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மாடுகளின் வழிவந்தது அது. ரப்பர் தோட்டமோ தேயிலைத் தோட்டமோ, கூலி போதாத வீட்டுக்குப் பால் விற்ற காசு கைகொடுத்தது. பிள்ளைகளின் படிப்புக்கும் மகளின் கல்யாணத்துக்கும் ஒரு பசு, நாலு ஆடு என்பதுதான் பல குடும்பங்களின் சேமிப்பு. இன்று தோட்ட வேலையில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும் நிறைந்துவிட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. ஆனாலும் ஆடு, மாடு, கோழி வைத்திருக்கும் வீடுகள் இல்லாமல் போகவில்லை.

நாய் இல்லாத லயமும் இல்லை. காய்கறித் தோட்டங்களிலும் காவலுக்கு நாய்கள் உண்டு. செமாய் பூர்வகுடியினர் வேட்டைக்கு நாய் வைத்திருப்பார்கள். பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பம் விட்டுப்போன நாய்களும் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். வேலி என்று எதுவும் கிடையாது. தேயிலைச் சரிவின் ஓரத்தில், ஓடைக்கரையில், சாலைப் பக்கத்துப் புல்லில் மாடு மேயும். அங்கேயே நாயும் சுற்றும்.

சமவெளியில் நாய் துரத்தினால் மாடு ஓடும், நிற்கும். இந்த மலையில் கதை வேறு. தானா ராத்தா நகரமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தோட்டங்களோ நெட்டுக்குத்தான சரிவுகளில். மழை பெய்த செம்மண் பாதையில் மிரண்டு ஓடும் சினைப்பசு சறுக்கினால் கால் முறியும், கன்று கலையும். கவாத்து செய்த தேயிலைச் செடிகள் இடுப்பளவில் மேசை விரித்தது போலப் பரந்து கிடக்கும். அதன் அடியில் நுழைந்து ஓடும் நாயை மேலிருந்து பார்க்கவே முடியாது. ஆடு கத்துவதுதான் காதில் விழும். ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

பிறகு நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆட்டுக்காரர் நாய்க்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். “உங்க நாயைக் கட்டி வைக்கமாட்டீங்களாண்ணே?” என்று தொடங்கும் பேச்சு, கோயில் திருவிழா வரை பேசாமல் இருப்பதில் போய் முடியும். சில இடங்களில் இரவோடு இரவாக நாய்க்கு விஷம் வைக்கப்படும். அந்த விஷத்தைத் தின்று சாவது பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு நாய்.

துரத்துவது கெட்ட குணமா?

‘ரத்தம் ருசி கண்ட நாய்’ என்று நாம் சொல்வதுண்டு. ருசிக்கு முன்னால் நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். நாயின் வேட்டை ஒரு சங்கிலி. உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது. ஓநாயிடம் இது முழுதாக இருக்கிறது. மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக நாயை வளர்த்து, அந்தச் சங்கிலியின் கண்ணிகளைத் தன் தேவைக்கேற்பத் தளர்த்தியும் இறுக்கியும் வைத்தான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும். கவ்வுவது அதற்குப் பழக்கமில்லை. மந்தையோடு படுத்துக் காவல் காக்கும் இத்தாலியின் மரெம்மா, துருக்கியின் கங்கால் போன்றவற்றிடம் சங்கிலி முழுவதுமே மங்கிக் கிடக்கும். நம் லயத்து நாயின் தாய் ஒரு கலப்பு, தகப்பன் யாரென்றே தெரியாது. அதனிடம் எந்தக் கண்ணி எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை வளர்த்துப் பார்த்துத்தான் அறிய முடியும்.

இதில் வளர்ப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. துரத்துவதே நாய்க்குப் பரிசு. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஓடும் அந்த நேரத்தில் அதன் உடம்பெல்லாம் இன்பம். ஆகவே ஒருமுறை துரத்திய நாய் மறுமுறை இன்னும் சீக்கிரம் துரத்தும். “குட்டிதானே, விளையாடுது” என்று கோழியை விரட்டவிட்டுச் சிரித்த வீட்டில்தான் ஓராண்டு கழித்து ஆடு கடிபடுகிறது. அந்த நாயைப் பயிற்றுவித்தது அந்தச் சிரிப்பு.

இன்னொன்று, கூட்டம். தனியாக இருக்கும்போது கன்றுக்குப் பக்கத்தில் அலட்சியமாகப் படுத்திருக்கும் அதே நாய், இன்னும் இரண்டு நாய்கள் சேர்ந்ததும் வேறாகிவிடும். ஒன்று ஓடினால் மற்றவை ஓடும். “எங்க நாய் அப்படிச் செய்யாது” என்று சத்தியம் செய்பவர் பொய் சொல்லவில்லை. அவர் தன் நாயை வீட்டில் மட்டுமே பார்த்திருக்கிறார்.

குட்டியாக இருக்கும்போதே

1833ல் தென்னமெரிக்காவின் உருகுவே புல்வெளிகளில் பயணம் செய்த சார்ல்ஸ் டார்வின், மேய்ப்பனே இல்லாமல் பெரிய ஆட்டு மந்தைகளை ஓரிரு நாய்கள் காவல் காப்பதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். எப்படிப் பழக்குகிறார்கள் என்று விசாரித்தும் வைத்தார். மிகச் சிறு வயதிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, நாளைக்கு மூன்று நான்கு முறை ஒரு பெண் ஆட்டைப் பிடித்து அதனிடம் பால் குடிக்க விடுவார்கள். ஆட்டுப் பட்டிக்குள்ளேயே கம்பளி மயிரால் படுக்கை. மற்ற நாய்களோடோ வீட்டுக் குழந்தைகளோடோ பழக விடமாட்டார்கள். வளர்ந்த பிறகு ஆட்டைவிட்டுப் போக அதற்கே மனம் வராது. ஸ்காட்டின் நூலுக்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே, அந்தப் பட்டிக்காரர்கள் அதே உண்மையைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள்.

1970களின் கடைசியில் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதி ஐரோப்பிய, துருக்கிய மந்தை நாய்களை அமெரிக்கப் பண்ணைகளில் விட்டு இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். நமீபியாவில் சிவிங்கிப்புலிகளைக் காப்பதற்காக 1994லிருந்து பண்ணையாளர்களுக்கு இத்தகைய நாய்களைக் கொடுத்துவருகிறார்கள். ஆட்டை நாய் காத்தால் பண்ணையாளர் சிவிங்கிப்புலியைச் சுடமாட்டார் என்பது கணக்கு. ஆஸ்திரேலியாவின் வார்னாம்பூல் நகரத்தை ஒட்டிய ஒரு தீவில் குட்டிப் பென்குவின்களை நரிகள் தின்று அவை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தபோது, ஒரு கோழிப் பண்ணையாளரின் யோசனைப்படி 2006லிருந்து மரெம்மா நாய்களை அந்தத் தீவில் காவலுக்கு விட்டார்கள். கோழியைக் காக்கப் பழகிய நாய் இனம் பென்குவினையும் காத்தது.

லயத்து வீட்டுக்கு இவ்வளவு கடுமை வேண்டியதில்லை. நம் நாய் மனிதரோடும் வாழ வேண்டும், மாட்டோடும் வாழ வேண்டும். குட்டி ஏழெட்டு வாரத்தில் வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரத்திலிருந்தே, பால் கறக்கும் நேரத்தில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போகலாம். தரையில் விட வேண்டாம். தடுப்பூசி முடியாத குட்டிக்குப் பார்வோ போன்ற நோய் மண்ணிலிருந்தே தொற்றும். கொட்டகைக்கு வெளியே ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்து, மாடு அசைபோடுவதையும் வாளிச் சத்தத்தையும் சாண வாடையையும் அது ஆற அமர அறியட்டும். இடையிடையே ஒரு துண்டு வேகவைத்த கோழி. நாலைந்து நிமிடம் போதும். நாள் தவறாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

தடுப்பூசி முடிந்து தரையில் விடும்போது கட்டாயம் கயிறு இருக்க வேண்டும். மாட்டுக்கும் குட்டிக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். கன்று ஈன்ற பசுவின் பக்கம் போகவே கூடாது. அது கொம்பால் தூக்கிவிடும். இந்த வயதில் வாங்கும் ஓர் உதை, வாழ்நாள் பயமாக மாறும். பயந்த நாய்தான் பின்னால் குரைத்து விரட்டும் நாய். குட்டியைத் துணிச்சலாக்குகிறேன் என்று மாட்டின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் நீட்டுபவர்கள் நேர்மாறான வேலையைத்தான் செய்கிறார்கள்.

வளர்ந்த நாயை என்ன செய்வது?

பெரும்பாலானவர்களின் கேள்வி இதுதான். நாய்க்கு மூன்று வயது, ஏற்கெனவே ஆட்டை விரட்டிப் பழகிவிட்டது, இனி என்ன? திருத்த முடியும். பொறுமை அதிகம் வேண்டும். சில நாய்களிடம் முழு நம்பிக்கை ஒருநாளும் வைக்க முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பயிற்சியின் அடிப்படை தூரம். ஆட்டைப் பார்த்தும் உங்கள் கையிலிருந்து தீனியை வாங்கித் தின்னக்கூடிய தூரம் ஒவ்வொரு நாய்க்கும் உண்டு. ஒன்றுக்கு அது பத்து மீட்டர், இன்னொன்றுக்கு நூறு மீட்டர். அந்தத் தூரத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் நாள் வேலை. நாயின் உடம்பே சொல்லிவிடும். திறந்திருந்த வாய் மூடும், காது முன்னால் குவியும், வால் விறைக்கும், பார்வை குத்திட்டு நிற்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாது, பிடித்த தீனியை நீட்டினாலும் முகத்தைத் திருப்பும். இதில் ஏதாவது ஒன்றைக் கண்டால் நீங்கள் மிக அருகே வந்துவிட்டீர்கள். அதட்ட வேண்டாம், திரும்பிப் பின்னால் நடங்கள். உடம்பு தளர்ந்து மூச்சு வாங்கி உங்களைப் பார்க்கும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்துதான் தொடக்கம்.

அந்த இடத்தில் நின்று நாய் ஆட்டைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டுத் தானாக உங்கள் பக்கம் தலையைத் திருப்பும் அந்தக் கணத்தில் “சபாஷ்” என்று சொல்லி உடனே தீனி கொடுங்கள். தாமதிக்கக் கூடாது. திரும்பவும் பார்க்கும், திரும்பவும் திரும்பும், மீண்டும் தீனி. ஆட்டைக் கண்டால் எசமானைப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் இப்படித்தான் ஊறுகிறது. இந்த முறையில் நாயின் ஆசையோடு மல்லுக்கு நிற்பதே இல்லை. ஆசைக்கு வேறு வழி காட்டப்படுகிறது. ஒரு வேளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டுக்கு முந்திய நேரம் நல்லது. வயிறு நிறைந்த நாய்க்குத் தீனியில் நாட்டம் இருக்காது. சந்தையில் வாங்கும் நெத்திலிக் கருவாட்டை அப்படியே கொடுக்காதீர்கள், உப்பு அதிகம். வேகவைத்த கோழி அல்லது ஈரல் துண்டு சிறப்பு.

நாலைந்து நாள் அதே தூரத்தில் அமைதியாக இருந்தால் சில அடிகள் நெருங்கலாம். அவசரப்பட்டுப் பாதித் தூரத்தை ஒரே நாளில் தாண்டுபவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

கயிற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏழெட்டு மீட்டர் நீளக் கயிறு, கழுத்தில் சுருக்குப் போடாமல் மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டையில் இணைத்தது. கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, பாய்ந்தால் விரல் போய்விடும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பழக்க வேண்டாம், கயிறு அடித்தூரில் சிக்கிக்கொள்ளும். தோட்டத்துத் திடலோ அகலமான பாதையோ ஏற்றது. காலைப் பொழுதே நல்லது. கேமரன் மலையில் மதியத்துக்கு மேல் மூடுபனியும் மழையும் வந்துவிட்டால், பனிக்குள் அசையும் நிழல் ஒவ்வொன்றும் நாயைக் கிளப்பும்.

முதலில் கட்டிக் கிடக்கும் மாடு. பிறகு மெதுவாக மேயும் மாடு. அதற்குப் பிறகு ஆடு. கோழியைக் கடைசியில் வையுங்கள். கோழி படபடவென்று சிறகடித்துத் திசை மாறி ஓடும். வேட்டைச் சங்கிலியை எழுப்ப அதைவிடப் பெரிய தூண்டுதல் வேறில்லை. மாட்டிடம் சாதுவான நாய் கோழியிடம் தோற்பது அதனால்தான். கோழிக்குக் கூண்டு போடுவதே பல வீடுகளில் சரியான தீர்வு. அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம்.

இதோடு இரண்டு சொற்களை வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி பழக்க வேண்டும். ஒன்று ‘வா’, மற்றொன்று ‘விடு’. அப்பா தமிழில், பிள்ளை ஆங்கிலத்தில், பக்கத்து வீட்டுக்காரர் மலாயில் கூப்பிட்டால் நாய் எந்தச் சொல்லுக்கும் நிற்காது. ‘வா’ என்ற சொல்லுக்கு எப்போதும் நல்லதே நடக்க வேண்டும். வந்த நாயை அடிப்பது எல்லாக் கேட்டுக்கும் மூலம். ஆட்டை விரட்டிவிட்டுத் திரும்பி வந்த நாயைக் கம்பால் வெளுத்தால், விரட்டியதற்காக அடி விழுந்தது என்று அதற்குப் புரியாது. திரும்பி வந்ததற்கு அடி விழுந்தது என்றுதான் புரியும். அடுத்த முறை வராது.

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தைச் சிலர் இன்னும் நம்புகிறார்கள். அதனால் நாய் படும் அவதியைத் தவிர எந்தப் பயனும் இல்லை. மின் அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டையை இணையத்தில் எளிதாக வாங்கலாம். வாங்காதீர்கள். ஆட்டைப் பார்க்கும்போது வலி வந்தால், அந்த வலியை ஆடு கொடுத்ததாக நாய் நினைத்து அதன்மேல் பாயவும் கூடும். வேல்ஸ் நாடு 2010லேயே அந்தப் பட்டையைத் தடைசெய்துவிட்டது. மலேசியாவிலும் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்கை வதைத்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நாய்க்கு விஷம் வைப்பவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

மாட்டின் பக்கம்

நாயைப் பற்றியே பேசும்போது மாட்டை மறந்துவிடுகிறோம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பது சுற்றிலும் வரும் ஆபத்தைப் பார்ப்பதற்காக. நாய் சும்மா படுத்திருந்தாலும் அது அவற்றுக்கு ஓர் ஆபத்துதான். கறவை நேரத்தில் நாய் குரைத்தால் பசு பாலை அடக்கிக்கொள்ளும் என்று கறப்பவர்கள் சொல்வது வெறும் நம்பிக்கை இல்லை. பயந்த மாட்டின் உடம்பில் சுரக்கும் அட்ரினலின், மடியில் பாலை இறக்கும் ஆக்சிடோசினின் வேலையைத் தடுக்கிறது. ஆக, நாயை அமைதியாக்குவது நாளுக்கு நாள் வாளியில் அளக்கக்கூடிய லாபம்.

ஆகவே பயிற்சிக்கு நாய்களைப் பார்த்துப் பழகிய நிதானமான மாட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். மிரளும் கிடாரியை வைத்துப் பழக்கினால் இரண்டும் கெடும்.

ஆட்டை நாய் கடித்துவிட்டால் வெளியே தெரியும் பல் தடத்தைப் பார்த்துச் ‘சின்னக் காயம்’ என்று மஞ்சள் பூசி விட்டுவிடக் கூடாது. தோலுக்குக் கீழே சதை பெரிதாகக் கிழிந்திருக்கும். கடியே படாமல், ஓடிய களைப்பிலும் பயத்திலும் ஆடு செத்துப்போவதும் உண்டு. கால்நடை மருத்துவரை அழைத்தே தீர வேண்டும். வெறிநோய் பயமும் இருக்கிறது. 2015ல் கெடா, பினாங்கு, பெர்லிஸ் மாநிலங்களிலும் 2017லிருந்து சரவாக்கிலும் அது தலைகாட்டியதை மறந்துவிடக் கூடாது.

கடிக்காத நாயாலும் மாட்டுக்குக் கேடு வரும் என்பது பலருக்குத் தெரியாது. நியோஸ்போரா என்றொரு நுண்ணுயிர். 1980களில்தான் அதை விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். நாயின் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும் தீவனத்திலும் கலந்தால், அதைத் தின்னும் சினைமாட்டுக்குக் கன்று கலையும். நாய்க்கு அது தொற்றும் ஒரு வழி, மாட்டின் நஞ்சுக்கொடியைத் தின்பது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மாடு ஈன்றதும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, நாய் எட்டாத உயரத்தில் ஆலமரக் கிளையில் கட்டிவைப்பார்கள். பால் பெருகும் என்ற நம்பிக்கையில் செய்தது. காரணம் எதுவானாலும் நாயின் வாய்க்கு எட்டாமல் வைத்தது மிகச் சரி. ஆலமரம் இல்லாத இடத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம். அறுத்த ஆட்டின் பச்சை ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடுவதும் கூடாது. நாடாப்புழு நோய் அப்படித்தான் ஆட்டிலிருந்து நாய்க்கும் நாயிலிருந்து மனிதருக்கும் வருகிறது. குடற்புழு மருந்தை நாய்க்குத் தவறாமல் கொடுப்பதும் கொட்டகைப் பக்கம் அது மலம் கழிக்காமல் பார்த்துக்கொள்வதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

காங்கேயம் காட்டும் எச்சரிக்கை

இதையெல்லாம் அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலை வட்டாரங்கள் ஆடு வளர்ப்புக்குப் பேர் பெற்றவை. கிளுவை வேலி கட்டிய கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் அங்கே பாரம்பரியமாக இருக்கின்றன. 2024, 2025ஆம் ஆண்டுகளில் தெருநாய்க் கூட்டங்கள் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற செய்திகள் அடுத்தடுத்து வந்தன. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் மறியல் செய்தார்கள். இழப்பீடு கேட்டுப் போராடித்தான் அரசின் காதில் விழவைத்தார்கள். சாலையோரத்தில் கொட்டப்படும் கோழிக்கழிவு நாய்களைப் பெருக்கியது என்று அந்த ஊர்க்காரர்களே சொன்னார்கள்.

இத்தனைக்கும் அதே தமிழ்நாட்டில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராகப் போகும்போது கூடவே நாயும் போகிறது. இரவில் கிடையைச் சுற்றி அதுதான் காவல். எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் அது படிக்கவில்லை. குட்டியிலிருந்தே ஆட்டுக்கு நடுவில் வளர்ந்தது, அவ்வளவுதான். ஆட்டைக் கொல்லும் நாயும் ஆட்டைக் காக்கும் நாயும் இனத்தால் வெகுதூரம் விலகியவை இல்லை. யார் வளர்த்தார், எங்கே வளர்த்தார், வளர்த்தாரா தெருவில் விட்டாரா என்பதில்தான் வேறுபாடு.

பிரிட்டனில் கால்நடையைத் துரத்தும் நாயின் உரிமையாளர் குற்றவாளி என்று 1953லேயே சட்டம் வந்துவிட்டது. கடிக்க வேண்டியதில்லை, துரத்தினாலே குற்றம். பொறுப்பை நாயின் மேல் போடாமல் மனிதர்மேல் போட்ட அந்த அணுகுமுறை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

கேமரன் மலைத் தோட்டங்களில் வாழும் அண்ணன், அக்காமார்களிடம் கேட்டுக்கொள்வது சிலவே. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் குட்டியை வாங்க வேண்டாம். வாங்கினால் மூன்று மாதம் முடிவதற்குள் அதை மாட்டோடும் ஆட்டோடும் கோழியோடும் முறையாகப் பழக்குங்கள். மாவட்ட மன்றத்தில் உரிமம் எடுத்து, தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்துவிடுங்கள். இரவில் கட்டியோ கூண்டிலோ வையுங்கள், நாய்க்கூட்டம் கூடுவது இரவில்தான். பட்டணத்துக்குக் குடிபெயரும்போது நாயை லயத்தில் விட்டுப் போகாதீர்கள். தோட்ட நிர்வாகங்களும் கால்நடை மருத்துவச் சேவைத் துறையும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது தோட்டத்திலேயே தடுப்பூசி, கருத்தடை முகாம் நடத்த வேண்டும். தானா ராத்தாவுக்கோ பிரிஞ்சாங்குக்கோ நாயைத் தூக்கிக்கொண்டு போக வண்டி இல்லாத வீடுகளுக்கு அந்த ஒரு நாள் பேருதவியாக இருக்கும்.